வீசும் காற்றில் பைப் புகைப்பது எப்படி

திறந்தவெளியில் பைப் புகைப்பவர்கள் காற்றைப் பற்றிச் சொல்லும் முதல் குறை, பற்றவைத்த தீ நிற்பதில்லை என்பதாகும். தீ அணைந்துபோவது சிறு தொல்லைதான், மீண்டும் பற்றவைத்துக்கொள்ளலாம். அணையாமல் தேவைக்கு மேல் எரிவதே காற்று செய்யும் பெரிய கேடு. அறைக்குள் புகைக்கும்போது, பைப்பில் புகையிலையை நிரப்பும் கிண்ணத்தில் உள்ள கங்குக்கு நாம் இழுக்கும் நேரத்தில் மட்டுமே போதிய காற்று கிடைக்கிறது; இரண்டு இழுப்புகளுக்கு இடையில் அது மங்கி, சூடு தணிகிறது. வெளியிலோ காற்று கொல்லன் உலையின் துருத்தியைப் போல இடைவிடாமல் ஊதுவதால் அந்த ஓய்வு கங்குக்குக் கிடைப்பதில்லை. விளைவாகப் புகை சூடேறி நாக்கைச் சுடுகிறது. கிண்ணத்தின் விளிம்பு கருகுகிறது. காற்று படும் பக்கம் மட்டும் வேகமாக எரிந்து புகையிலையின் நடுவே பொந்து விழுகிறது. உட்புறத்தில் கரிப்படலம் இன்னும் படியாத புதிய பைப்பாக இருந்தால், மரமே உள்ளிருந்து எரிந்து ஓட்டையாகிவிடவும் கூடும். எனவே தீயைக் காப்பாற்றும் வழிகளைவிட அதை அடக்கிவைக்கும் வழிகளே இங்கு முக்கியம்.

முதலில் காற்றின் வேகத்தை மதிப்பிட வேண்டும். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. 1805-இல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபர்ட் வகுத்த காற்று அளவுகோலைக் கண்ணால் பார்த்தே பயன்படுத்தலாம். இலைகளும் சிறு குச்சிகளும் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தால் அது மூன்றாம் நிலை, அதாவது மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர் வேகம். இந்த அளவு வரை கையால் மறைத்தே சமாளித்துக்கொள்ளலாம். புழுதியும் தாள்களும் தரையிலிருந்து எழும்பத் தொடங்கினால் நான்காம் நிலை, 20 முதல் 28 கிலோமீட்டர். கிண்ணத்தின் மேல் போடும் துளையிட்ட மூடி இல்லாமல் அந்தக் காற்றில் புகைப்பது பைப்பையும் நாக்கையும் வீணாகத் துன்புறுத்துவதாகும். சிறு மரங்களே ஆடும் ஐந்தாம் நிலையில் பைப்பை உறையிலிருந்து எடுக்காமல் இருப்பதே நல்லது. மூடி இருந்தாலும் அந்த வேகத்தில் சாம்பல் கண்ணில் விழும், பொறி எங்கோ போய் விழும்.

நிற்கும் இடத்தைத் தேர்வதிலும் ஒரு நுட்பம் உண்டு. காற்றுக்கு முழு முதுகையும் காட்டி நின்றால் பாதுகாப்பு என்றே எவருக்கும் தோன்றும். ஆனால் உடலைச் சுற்றி வரும் காற்று முகத்துக்கு முன்னால் சுழித்துக்கொண்டு, புகையையும் சாம்பலையும் கண்ணுக்கே திருப்பி அனுப்புகிறது. தோளைக் காற்றின் பக்கம் சாய்த்து, பைப்பை அதற்கு எதிர்ப்பக்க வாயோரத்தில் வைத்துக்கொண்டால் தலையும் தோளும் மறைப்பாக நிற்கும். புகையும் பக்கவாட்டில் விலகிப் போகும். சுவரை ஒட்டி நிற்பதிலும் இதே சுழல் சிக்கல் உள்ளது. காற்றைச் சற்றே உள்ளே விட்டு வேகத்தை மட்டும் குறைக்கிற புதரோ வேலியோ, காற்றை முற்றாகத் தடுக்கும் சுவரைவிடச் சீரான ஒதுக்கிடம் தரும்.

பைப்பைப் பொறுத்தவரை, வளைந்த தண்டுள்ளதும் கிண்ணம் ஆழமாகவும் குறுகலாகவும் அமைந்ததும் காற்றுக்கு ஏற்றவை. வளைந்த பைப் மோவாய்க்குக் கீழே உடலை ஒட்டித் தொங்குவதால் உள்ளங்கையால் மூடுவது எளிது. குறுகலான வாய் காற்றுக்குக் காட்டும் பரப்பும் குறைவு. அகன்ற, ஆழமற்ற கிண்ணங்களை வீட்டிலேயே விட்டுவிடலாம். மோட்டார் வண்டி ஓட்டுவோருக்காக லண்டன் வணிகர் ஆல்ஃபிரட் டன்ஹில் 1904-இல் காப்புரிமை பெற்ற பைப்பில், கிண்ணத்தின் முன்பக்க விளிம்பு உயர்ந்து எழுந்து காற்றைத் தடுக்கும்படி அமைந்திருந்தது. அந்த வடிவம் இன்று பரவலாக இல்லை என்றாலும் அதன் அடிப்படை சரியானது: கங்குக்கு முன்னால் ஒரு தடுப்பு, மேலே திறப்பு. மரத்தில், பிரையர் என்ற புதர்ச்செடியின் கடினமான வேர்க்கட்டையில் செய்த, நன்கு பழகிய பைப்பையே எடுத்துச் செல்ல வேண்டும். உட்புறக் கரிப்படலம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிப்பில் படிந்திருந்தால் அது மரத்துக்குக் கவசமாகும். விலையுயர்ந்த பைப்பை இதற்குப் பலியிடத் தேவையில்லை. மக்காச்சோளக் கதிரின் தக்கையில் செய்த எளிய பைப் காற்றுக்கு மிகப் பொருத்தம். கருகினாலும் மனம் வருந்தாது. மீர்ஷாம் என்ற மென்மையான வெண்கனிமத்தில் செதுக்கிய பைப் சூட்டைத் தாங்கும், ஆனால் கீழே விழுந்தால் உடைந்துவிடும் என்பதால் நடைப்பயணங்களுக்கு அது உதவாது.

துளையிட்ட உலோக மூடி தனியாகவும் கிடைக்கிறது, சில பைப்புகளில் கீலோடு பொருத்தப்பட்டும் வருகிறது. அது காற்றைத் தடுப்பதோடு பொறி பறப்பதையும் தடுக்கிறது. என் கருத்தில் இந்த இரண்டாவது பயனுக்காகவே அதை வாங்கலாம். வாங்கும்போது கிண்ணத்தின் வெளிவிட்டத்துக்கு அது பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். மிக இறுக்கமாகப் பொருந்தும் மூடி விளிம்பின் மெருகைக் கெடுக்கும். மிகத் தளர்வானது நடக்கும்போது விழுந்துவிடும். மூடியின் துளைகள் மிகச் சிறியவையாக இருந்தால் கங்கு மூச்சடைத்து, புகை கசக்கும், கிண்ணத்தின் அடியில் ஈரம் சேரும். கையில் மூடி இல்லாதபோது அலுமினியத் தாளைக் கிண்ணத்தின் மேல் தளர்வாக மடித்து, தீக்குச்சி முனையால் ஐந்தாறு துளைகள் இட்டால் ஒரு வேளைக்குப் போதும். தாள் புகையிலையைத் தொடாமல் இருப்பது மட்டும் கவனத்துக்குரியது.

புகையிலையில், தடித்த வில்லைகளாக அழுத்தி வெட்டிய ஃபிளேக் வகையும் பெருவெட்டு வகையும் காற்றில் நின்று எரியும். நூல்போல் மெல்லியதாக நறுக்கியவை சில நிமிடங்களில் எரிந்து முடிந்துவிடும். சர்க்கரை மிகுந்த வர்ஜீனியா இலை தன்னியல்பாகவே சூடாக எரிவது. காற்றும் சேர்ந்துகொண்டால் நாக்கு தாங்காது. சர்க்கரை குறைந்த பர்லி இலையோ புகையூட்டிப் பதப்படுத்திய லட்டாக்கியா இலையோ கலந்த கலவை இங்கு மென்மையாக இருக்கும். மெல்லிய மணமுள்ள உயர்ந்த கலவைகளை வெளியில் புகைப்பது வீண்செலவு, ஏனெனில் மணம் மூக்கை எட்டும் முன்னரே காற்று அதைக் கொண்டுபோய்விடும். அறைக்குள் புகைப்பதற்கு முன் இலையைச் சிறிது நேரம் உலர்த்துபவர்கள், வெளியில் அந்த நேரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். விரல்களுக்கிடையே அழுத்தி விட்டால் இலை மெதுவாக விரிய வேண்டும். நொறுங்கும் ஒலி கேட்டால் அது மிகையாக உலர்ந்துவிட்டது என்று பொருள்.

நிரப்பும் முறை வழக்கமானதுதான்: அடியில் தளர்வாக, நடுவில் சற்று அழுத்தமாக, மேலே இன்னும் அழுத்தமாக. மாற்றம் இரண்டு. மேலடுக்கை வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாக அழுத்த வேண்டும். கிண்ணத்தின் விளிம்பு வரை நிரப்பாமல் அரை சென்டிமீட்டரேனும் வெற்றிடம் விட வேண்டும். அந்த வெற்றிடத்தால் கங்கு விளிம்புக்குக் கீழே அமர்கிறது. கிண்ணத்தின் சுவரே அதற்கு மறைப்பாகிவிடுகிறது. நிரப்பியதும் தீயில்லாமல் ஒருமுறை இழுத்துப் பார்த்து, தடை லேசாகத் தெரிந்தால் சரி; கன்னம் குழியும் அளவுக்கு இழுக்க நேர்ந்தால் கொட்டிவிட்டு மறுபடி நிரப்புவதே வழி.

பற்றவைப்பதில்தான் பெரும்பாலோர் பொறுமை இழக்கிறார்கள். தீக்குச்சியைப் பயன்படுத்தினால், பெட்டியை இடக்கையில் பிடித்து, இரு கைகளும் சேர்ந்து ஒரு குகைபோல் குவிந்திருக்கும் நிலையில் குச்சியை உள்நோக்கி உரச வேண்டும். உரசியவுடன் பைப்புக்குக் கொண்டுபோகக் கூடாது; தலையில் உள்ள மருந்து எரிந்து முடியும் வரை ஒரு நொடி காத்திருந்தால் அதன் நெடி புகையிலையில் ஏறாது. பிறகு குச்சியின் முனையைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்தால் சுவாலை மரத்தின் மேல் ஏறிப் பெரிதாகும். காற்று வரும் திசைக்கு எதிர்ப்புறத்திலிருந்து அதைக் கிண்ணத்தின் மேல் கொண்டுவந்து, விளிம்பைத் தொடாமல் வட்டமாகச் சுற்றியபடி, குறுகிய இழுப்புகளாக மூன்று நான்கு முறை இழுக்க வேண்டும். புகையிலையின் மேற்பரப்பு கருத்துச் சுருண்டு எழும்; புகையிலையை அழுத்த உதவும் சிறு கருவியான அழுத்துகோலால் அதைச் சமமாகத் தட்டிவிட்டு இரண்டாம் முறை பற்றவைத்தால்தான் தீ முழுப்பரப்பிலும் பிடிக்கும். ஒரு குச்சி போதாத காற்றில் இரண்டு குச்சிகளைச் சேர்த்து உரசுவது பழைய தந்திரம்.

லைட்டர்களில், துளையிட்ட புகைபோக்கி சூழ்ந்த ஜிப்போ வகை காற்றில் எளிதில் அணையாது. பைப்புக்கென்றே செய்த அதன் வகையில் புகைபோக்கியின் பக்கத்தில் பெரிய வட்டத் துளை இருப்பதால், கிண்ணத்தின் மேல் கவிழ்த்து இழுத்தால் சுவாலை உள்ளே இறங்கும். எரிபொருளின் நெடி முதல் சில இழுப்புகளில் தெரியும் என்பது அதன் குறை. சீறும் நீலச் சுவாலை தரும் ஜெட் லைட்டர் எந்தக் காற்றிலும் நிற்கும் என்பதற்காக அதை வாங்குபவர்கள் உண்டு. அதன் வெப்பம் 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஓரிரு வினாடி விளிம்பில் பட்டாலே மரம் கருகி நிலையான வடு விழும். அது சுருட்டுக்குரிய கருவி, பைப்புக்கு வேண்டாம்.

தீ பிடித்த பிறகு செய்ய வேண்டியதெல்லாம் குறைவாக இழுப்பது. இது சொல்வதற்கு எளிது. வெளியில் புகை கண்ணுக்குத் தெரியாமல் கலைந்துவிடுவதாலும், மணம் மூக்கை எட்டாததாலும், பைப் அணைந்துவிட்டதோ என்ற ஐயம் எழுந்து நம்மை அறியாமலே இழுப்பு கூடிவிடுகிறது. காற்று ஏற்கெனவே கங்கை ஊதிக்கொண்டிருக்க நாமும் சேர்ந்து ஊதுகிறோம். ஐயம் வந்தால் கூடுதலாக இழுக்காமல், கிண்ணத்தைக் கைக்குள் மறைத்து உள்ளே பார்த்துக்கொள்வது நல்லது. கங்கு மங்கிய சிவப்பாக இருந்தால் போதும். மஞ்சளாக ஒளிர்ந்தால் கட்டைவிரலையோ அழுத்துகோலின் தட்டையான முனையையோ கிண்ணத்தின் வாய்மேல் பாதியளவு வைத்துச் சற்று நேரம் அடக்க வேண்டும். மேலே சேரும் சாம்பலைக் கொட்டாமல் லேசாக அழுத்தி வைத்திருந்தால் அதுவே கங்குக்குப் போர்வையாக இருந்து காற்றைத் தடுக்கும். ஒருபக்கமாக எரிந்தால் எரியாத பக்கத்தை மட்டும் உள்நோக்கித் தள்ளி அழுத்தி, பைப்பை மறுபக்க வாயோரத்துக்கு மாற்றலாம்.

சூட்டை அறிய ஒரு சோதனை போதும்: கிண்ணத்தின் வெளிப்புறத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, ஐந்து நொடி வைத்திருக்க முடியாவிட்டால் பைப்பைக் கீழே வைத்து அணையவிட வேண்டும். பதினைந்து நிமிடம் கழித்துச் சாம்பலைத் தட்டிவிட்டு மறுபடி பற்றவைத்துக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை. காற்றுள்ள நாளில் ஒரே பற்றவைப்பில் அடிவரை புகைத்து முடிக்க வேண்டும் என்ற பிடிவாதமே பைப்புகளைப் பாழாக்குகிறது.

வெளிக்காற்று புகையை அடித்துக்கொண்டு போவதால் தீங்கும் போய்விடுகிறது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பைப் புகை உதடு, வாய், தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல் ஆகியவற்றில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. நுரையீரலுக்குள் இழுக்காமல் வாயோடு நிறுத்திக்கொள்பவர்களும் இதற்கு விலக்கல்லர். நிகோட்டின் வாயின் உட்புறத் தோல் வழியாகவே உடலில் சேர்ந்து பழக்கத்தை இறுக்கும். அருகில் நிற்பவர் காற்றின் கீழ்த்திசையில் இருந்தால் நம் புகை முழுவதும் அவருக்குத்தான். குழந்தைகள் இருக்கும் இடம் எந்தத் திசையானாலும் வேண்டாம்.

காய்ந்த புல், வைக்கோல், சருகு, எரிபொருள் நிரப்புமிடம் ஆகியவற்றின் அருகில் மூடி போட்ட பைப்பையும் எடுக்கக் கூடாது. பொறி ஒன்று செயற்கை இழை உடையில் விழுந்தால் துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் காற்றுநாளில் பருத்தியோ கம்பளியோ உடுத்துவது மேல். புகைத்து முடித்த பின் கிண்ணத்தில் எஞ்சும் கசடை மரத்திலோ செருப்பிலோ தட்டிக் காற்றில் விடுவது பலருக்குப் பழக்கம். சாம்பலுக்கு அடியில் உயிருள்ள கங்கு நெடுநேரம் இருக்கும். இறுகிய மூடியுள்ள சிறு தகரப் பெட்டி ஒன்றில் சில துளி நீரோடு அதைக் கொட்டிக்கொண்டு வந்து வீட்டில் எறிய வேண்டும். பைப் முற்றிலும் ஆறிய பின்னரே தண்டைக் கழற்ற வேண்டும். சூட்டோடு கழற்றினால் இணைப்புத் தளர்ந்துவிடும் அல்லது மரம் விரிசல் காணும். இழை சுற்றிய மெல்லிய கம்பியான பைப் கிளீனரை ஒருமுறை உள்ளே விட்டு ஈரத்தை எடுத்துவிட்டு, ஒரு நாள் முழுதும் அதற்கு ஓய்வு தர வேண்டும். உலோக மூடியின் துளைகளில் படியும் தாரை அவ்வப்போது சாராயத்தில் நனைத்த துணியால் துடைத்து, நன்கு உலரவிட்டுப் பொருத்தினால், அடுத்த முறை புகை தடையின்றி வரும்.