ஃபிரெஞ்சு ராஜா எப்படி விழுந்தார்னு பிள்ளைங்களுக்கு பீச் ரோட்டுல உக்காந்து சொல்லிக்கொடுக்கறது எப்படி

எங்க அக்கா பொண்ணு ஒன்பதாவது படிக்குது, போன டெஸ்ட்ல "1789 ஜூலை 14 அன்னிக்கு மன்னராட்சி ஒழிஞ்சது"ன்னு எழுதி மார்க்க விட்டுட்டு வந்து நிக்குது. அதுமேல குத்தம் சொல்ல முடியாது, பாண்டியில வளர்ற புள்ள, ஜூலை 13 ராத்திரி ஃபிரெஞ்சு பட்டாளத்துல இருந்த சொல்தாக்காரங்க விளக்கு ஊர்வலம் போறதையும் மறுநாள் போர் நினைவுச்சின்னத்துல மாலை போடறதையும் சின்னதுலேர்ந்து பாக்குது, அந்த ஒரு தேதியிலயே கதை முடிஞ்சுதுன்னு மனசுல பதிஞ்சுபோச்சு. ஆனா அதுக்கப்புறமும் மூணு வருஷத்துக்கு மேல ராஜா பதினாறாம் லூயி ராஜாவாதான் இருந்தாரு. அத புரிய வெக்க நான் பண்ணது இது, நீங்களும் பண்ணி பாருங்க.

மொதல்ல ராஜாவ எடுக்காதீங்க, ரொட்டிய எடுங்க. பீச்சுக்கு போற வழியில பேக்கரியில ஒரு பெரிய ரொட்டி வாங்கி புள்ள கையில குடுத்துட்டு சொல்லுங்க: 1788 ஜூலையில ஆலங்கட்டி மழை, விளைச்சல் போச்சு, அப்புறம் கொடுமையான குளிர், 1789 ஆரம்பத்துல பாரிஸ்ல நாலு பவுண்டு ரொட்டி 14 சூவ (சூன்னா அந்தக்கால ஃபிரெஞ்சு காசு) தாண்டிடுச்சு, கூலிக்காரனோட ஒரு நாள் சம்பளமே 20லேர்ந்து 30 சூதான். நம்ம கொத்தனாருக்கு நாள் கூலி 1000னு வெச்சுக்கோங்க, அதுல ஏறக்குறைய பாதி அந்த ஒரு ரொட்டிக்கே போயிடும், மிச்சத்துல வாடகை, விறகு, உப்பு. அந்த உப்புக்கும் தனியா வரி, சில மாகாணத்துல எட்டு வயசுக்கு மேல உள்ளவங்க வருஷத்துக்கு இவ்ளோ உப்பு வாங்கியே ஆகணும்னு சட்டம். மரக்காணம் உப்பளத்த பாத்த புள்ளைக்கு இது டக்குனு புரியும். இன்னொரு பக்கம் கஜானா காலி, அமெரிக்கா சண்டையில இங்கிலீஷ்காரன எதுத்து செலவு பண்ண கடன் வேற.

அடுத்தது சுண்டல். பீச் ரோட்டு திண்டுல உக்காந்து நூறு கடலைய எண்ணி வைங்க (கொஞ்சம் பொறுமை வேணும்), ரெண்ட மட்டும் தனியா எடுத்து வெச்சுட்டு, இது பாதிரியாரும் பிரபுக்களும், பெரும்பாலும் வரி கட்டாத ஆளுங்க, மிச்ச 98ம் மத்த எல்லா ஜனமும்னு சொல்லுங்க. இந்த மூணு பிரிவுக்கும் சேத்து ராஜா கூட்டற சபை, 1614க்கு அப்புறம் கூடாதது, 1789 மே 5ஆம் தேதி ராஜா அரண்மனை இருக்கற வெர்சாயில கூடுது, பழைய வழக்கப்படி பாதிரியாருக்கு ஒரு ஓட்டு, பிரபுக்களுக்கு ஒரு ஓட்டு, இந்த 98க்கும் சேத்து ஒரே ஓட்டு. எங்க பாப்பா உடனே "அப்ப எப்பவுமே ரெண்டுக்கு ஒண்ணுன்னு தோத்துடுவாங்களே மாமா"ன்னுச்சு. அவ்ளோதான், பாதி பாடம் முடிஞ்சுது. அந்த கடுப்புலதான் ஜூன் 17 நாங்கதான் தேசிய சபைன்னு அவங்க அறிவிச்சுக்கிட்டது.

ஜூலை 14 ஜனங்க பாஸ்டில் சிறைக்கோட்டைய புடிச்சத வேகமா தாண்டுங்க. உள்ள இருந்தது ஏழே கைதிங்க, ஜனங்க போனது முக்கியமா வெடிமருந்துக்கு, துப்பாக்கி காலையிலயே வேற எடத்துல கெடச்சிருந்துது.

அக்டோபர் 5ல மட்டும் நின்னு சொல்லுங்க, இதுதான் எனக்கு புடிச்ச எடம். மார்க்கெட் பொம்பளைங்க, அதுல மீன்காரம்மாங்களும் உண்டு, ரொட்டி கேட்டு மழையில பாரிஸ்லேர்ந்து வெர்சாய் வரைக்கும் நடந்தாங்க, சுமார் 20 கிலோமீட்டர், இங்கேருந்து கடலூர் போற மாதிரி. நம்ம பெரிய மார்க்கெட் மீன்காரம்மாங்க கூடைய எறக்கி வெச்சுட்டு கெளம்புனா எந்த ராஜாவால தாங்க முடியும் சொல்லுங்க? மறுநாள் ராஜா குடும்பத்தையே பாரிசுக்கு கூட்டிட்டு வந்துட்டாங்க. (ரொட்டி இல்லன்னா கேக் சாப்பிடட்டும்னு ராணி சொன்னதா புள்ள கேக்கும், அதுக்கு ஆதாரம் கெடையாது, விட்ருங்க.)

இதுக்கப்புறமும் ராஜா வேணாம்னு சொன்னவங்க கம்மி. அது மாறுனது 1791 ஜூன்ல, ராஜா வேலக்காரன் வேஷத்துல குடும்பத்தோட வண்டியேறி எல்லைப்பக்கம் ஓட, வழியில அடையாளம் கண்டு வரென்ங்கற ஊர்ல மடக்கிட்டாங்க. சொந்த ஜனத்த விட்டு ஓடுன ஆள இனிமே எப்படி நம்பறது? 1792 ஏப்ரல்ல ஆஸ்திரியாவோட சண்டை, ராஜா மேல கைய வெச்சா பாரிசயே அழிச்சுடுவோம்னு எதிரி தளபதி மிரட்டல் விட, ஜனம் அடங்கறதுக்கு பதிலா இன்னும் கொதிச்சுது. ஆகஸ்ட் 10 பாரிஸ்ல ராஜா இருந்த டியூலரி அரண்மனைய தாக்கி, காவலுக்கு நின்ன சுவிஸ் சிப்பாய்ங்க நூத்துக்கணக்குல செத்து, செப்டம்பர் 21 மன்னராட்சி ரத்து. டெஸ்ட்ல எழுத வேண்டிய தேதி இதுதான்.

தலைய வெட்டற கில்லட்டின் மெஷின பத்தி மட்டும் கடைசி வரைக்கும் வாய தொறக்காதீங்க. மொதல்லயே சொல்லிட்டா பசங்க அதுலயே நிப்பாங்க, மத்தது எதுவும் காதுல ஏறாது. 1793 ஜனவரி 21 அதுல ராஜா தலை போச்சு, அதோட வீட்டுக்கு கெளம்புங்க.

சுண்டல் ரெண்டு பொட்டலமா வாங்கிக்கோங்க, ஒண்ணு பாடத்துக்கே போயிடும்.