புதிய மென்பொருளுக்கு ஏற்புக் கையெழுத்துப் போடும் முன்...

புதிய மென்பொருளைச் செய்து கொடுத்தவர்கள் டெமோ காட்டும்போது எல்லாம் அழகாக ஓடும். அதை மட்டும் பார்த்துவிட்டு ஏற்புக் கையெழுத்தைப் போட்டுவிடாதீர்கள். அது அவர்களுடைய டேட்டா, அவர்களுக்குப் பழகிய வழி.

சோதிக்க வேண்டியவர் மேலாளர் அல்ல. தினமும் அந்தத் திரையின் முன் உட்காரப்போகிறவர். போன மாதம் உண்மையாகவே வந்த பில்களை எடுத்து அவரையே பதியச் சொல்லுங்கள். நேரானவற்றைவிடக் கோணலானவைதான் முக்கியம்: பாதிச் சரக்கு மட்டும் திரும்பி வந்த பில், தவறாகப் போட்டு ரத்து செய்தது, பழையவற்றில் தேடியாவது லீப் ஆண்டின் பிப்ரவரி 29 தேதியிட்டது. 03/04 என்று அடித்தால் அது ஏப்ரல் 3 ஆகிறதா, மார்ச் 4 ஆகிறதா? நான் முதலில் பார்ப்பது இதைத்தான். அப்புறம், இரண்டு பேர் ஒரே பதிவை ஒரே நேரத்தில் திறந்து, ஆளுக்கொரு திருத்தம் செய்து சேமியுங்கள். ஒருவருடைய மாற்றம் சத்தமில்லாமல் காணாமல் போகக் கூடாது.

பழைய டேட்டாவைப் புதியதில் ஏற்றியிருந்தால் பதிவுகளின் எண்ணிக்கை, மொத்தத் தொகை இரண்டும் பழையதில் இருந்தபடியே இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள்.

பிழை கண்டால், "வேலை செய்யவில்லை" என்று எழுதினால் போதாது. என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது என்ற மூன்றும் வேண்டும், ஸ்கிரீன்ஷாட்டோடு. சரிசெய்து தந்த பிறகு, முன்பு தேறியவற்றையும் இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். ஒன்றைத் திருத்தும்போது பக்கத்தில் இன்னொன்று உடைவது சகஜம்.

எந்த மாதிரிப் பிழை இருந்தால் ஏற்க மாட்டீர்கள் என்பதை மட்டும், சோதனை தொடங்கும் முன்பே எழுதி இரு தரப்பும் ஒப்புக்கொள்ளுங்கள். கெடு நாளன்று அதைப் பேச நேரம் இருக்காது.