‘தவறு’ என்ற வினையைத் தவறில்லாமல் எழுத

எங்கள் அடுக்ககத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு முறை இப்படி எழுதி ஒட்டினேன்: “பொருளாளர் தவறிவிட்டார். கணக்கு அடுத்த வாரம் தரப்படும்.” உரிய நாளில் கணக்குத் தரத் தவறிவிட்டார் என்பதுதான் நான் நினைத்தது, தாளில் இடமில்லை என்று சுருக்கினேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு, முதல் மாடிப் பெரியவர் ரோஜா மாலையோடு பொருளாளர் வீட்டு அழைப்புமணியை அழுத்தினார். கதவைத் திறந்தவர் பொருளாளரேதான்.

அன்றிலிருந்து இந்த வினையை எழுதும்போதெல்லாம் நான் சரிபார்க்கும் வரிசை இது.

1. எதில் தவறினார் என்பதை விடாமல் எழுதுங்கள். இருக்க வேண்டிய இடத்தைவிட்டு விலகுவதுதான் தவறுதல். குறி தவறியது, கால் தவறி விழுந்தான், வாக்குத் தவறினார், கடமையில் தவறினார் என்று எங்கும் முன்னால் ஒரு சொல் நிற்பதைப் பாருங்கள். அதை எடுத்துவிட்டு, ஆளை மட்டும் வைத்து ‘தவறிவிட்டார்’ என்றால் இறந்துவிட்டார் என்றே படிப்பார்கள். சந்தேகம் வந்தால் ‘தவறு செய்துவிட்டார்’ என்று எழுதிவிடுங்கள். யாரும் மாலை வாங்க மாட்டார்கள்.

2. ‘ஐ’ உருபு வந்தால் ‘தவறவிடு’. பஸ்ஸைத் தவறவிட்டேன் என்பதே சரி. பஸ்ஸைத் தவறினேன் என்பது கிடையாது.

3. ‘தவறாமல் எழுது’ என்றால் கட்டாயம் எழுது. பிழையின்றி எழுது என்பதற்கு ‘தவறில்லாமல் எழுது’.

4. பெயரா, வினையா என்று பாருங்கள். பெயரானால் வேற்றுமை உருபு சேரும்போது றகரம் இரட்டிக்கும்: வயிறு, வயிற்றை என்பதுபோல தவறு, தவற்றை, தவற்றால். வினையில் இரட்டிக்காது: தவறி, தவறாமல். ‘தவறுகள்’, ‘தவறான’ ஆகியவற்றிலும் இரட்டிக்காது, ஏனென்றால் அங்கே வேற்றுமை உருபே இல்லை. ‘தவறை’ என்று அச்சில் நிறையவே வருகிறது. நான் எழுத மாட்டேன்.

அகராதி வேண்டுமென்றால் என் தேர்வு 1992இல் முதலில் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு இருப்பதால் புழக்கம் உடனே பிடிபடும். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியைப் பழைய பொருளுக்காக மட்டும் புரட்டுவேன்.

பின்சேர்க்கை: ‘பிழை’, ‘தப்பு’ இரண்டும் இப்படித்தானா என்று சிலர் கேட்டார்கள். அவை நேரெதிர். சிலப்பதிகாரப் பதிகத்தில் ‘அரைசியல் பிழைத்தோர்’ என்றால் ஆட்சியில் தவறு செய்தவர்கள். இன்று ‘விபத்தில் பிழைத்தார்’ என்றால் உயிரோடு இருக்கிறார். தாளம் தப்பினால் குற்றம், ஆள் தப்பினால் நல்ல செய்தி. ஆக, பிழைத்தவரும் தப்பியவரும் வீட்டில் இருப்பார்கள். தவறியவர் மட்டும் இருக்க மாட்டார்.

எங்கள் பொருளாளர் நலம். கணக்குதான் இன்னும் வரவில்லை.