மரத்துக்குத் தாங்கும்படி கிளை வெட்டுவது எப்படி?

நமக்குக் காயம் பட்டால் அந்த இடத்தில் புதுத்தோல் வந்துவிடும். மரத்துக்கு அந்த வழி கிடையாது. காயம்பட்ட கட்டை கடைசிவரை உள்ளேயே கிடக்கும். மரம் அதைச் சுற்றித் தடுப்பு எழுப்பிவிட்டு, அதற்கு வெளியே புதுக் கட்டை வளர்க்கும்.

அமெரிக்க வனத்துறையின் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்தவர். 1977-ல் இந்தத் தடுப்பை நான்கு சுவர்களாக விளக்கினார். மேலும் கீழும் நீர்க்குழாய்களை அடைக்கும் சுவர்தான் இருப்பதிலேயே பலவீனமானது. அழுகல் தண்டில் நீளமாக ஓடுவது அதனால்தான். உள்நோக்கியும் பக்கவாட்டிலும் உள்ளவை இன்னும் கொஞ்சம் தாங்கும். நான்காவதுதான் பலமானது: காயத்துக்குப் பின் வளரும் கட்டையைப் பழைய கட்டையிலிருந்து பிரித்துவிடும். நடுவில் பொந்து விழுந்த புளியமரம் வருடா வருடம் காய்ப்பது இந்தச் சுவரின் புண்ணியம்.

சரி, வீட்டு மாமரத்தில் ஒரு கிளையை எடுக்க வேண்டும். முதலில், கிளை தண்டோடு சேரும் இடத்தைத் தடவிப் பாருங்கள். மோதிரம் போலப் புடைத்திருக்கும். அது தண்டின் பகுதி, மரம் தடுப்பு எழுப்பும் இடம். அதில் ரம்பம் படவே கூடாது.

அப்புறம், புடைப்பிலிருந்து ஓர் அடி தள்ளி, கிளையின் கீழ்ப்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு அறுங்கள். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால், பட்டை உரியாமல் கிளை விழும். நேராக மேலிருந்து மட்டும் அறுத்தால், விழும் கிளை தண்டுப் பட்டையையும் கிழித்துக்கொண்டு போகும். நான் பார்த்த மோசமான காயங்கள் பெரும்பாலும் இப்படி வந்தவைதான். மிச்சமிருக்கும் கிளைத்துண்டைப் புடைப்பை ஒட்டி, அதற்கு வெளியே அறுத்து எடுங்கள். தண்டோடு மழமழவென்று வழித்துவிடாதீர்கள். கிளைத்துண்டை நீளமாகவும் விடாதீர்கள், காய்ந்துபோய் அழுகலுக்கு அதுவே வாசலாகிவிடும்.

தார், பெயிண்ட் பூசினால் அழுகல் நிற்காது. பழைய பொந்தில் சிமெண்ட் அடைப்பதும் வேண்டாம். பொந்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யும்போது மரம் எழுப்பிய சுவர் உடைந்தால், அழுகல் நல்ல கட்டைக்குள் புகுந்துவிடும்.

ஒரு வருடம் கழித்து வெட்டுவாயைப் பாருங்கள். சுற்றிலும் வட்டமாகப் புதுக் கட்டை உருண்டு வந்திருந்தால் சரியாக வெட்டியிருக்கிறீர்கள். இரண்டு பக்கமும் மட்டும் வளர்ந்து, மேலும் கீழும் வெறுமையாக இருந்தால், புடைப்பையும் சேர்த்து அறுத்திருக்கிறீர்கள். அடுத்த கிளையில் ரம்பத்தைச் சற்றுத் தள்ளி வையுங்கள்.