பி ஃபிளாட்டை ஏ ஷார்ப் என்று எழுதாதீர்கள்: மேஜர் ஸ்கேலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீபோர்டு பழக ஆரம்பித்த சில மாதங்களில் மேஜர் ஸ்கேலின் கணக்கு எல்லோருக்கும் மனப்பாடம் ஆகிவிடுகிறது: முழு, முழு, அரை, முழு, முழு, முழு, அரை (அரை என்றால் ஒட்டிய அடுத்த கட்டை, முழு என்றால் ஒன்று விட்டு அடுத்தது). ஈ-க்கும் எஃப்-க்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லை என்பதை மறப்பது போன்ற சறுக்கல்கள் பழகப் பழகத் தானே போய்விடும். அவற்றை இங்கே பேசவில்லை. வருடக்கணக்கில் ஒட்டிக்கொள்ளும் தவறுகள் வேறு. ஒரு காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகள், புதிதாக வருபவர்களின் நோட்டுப் புத்தகத்திலும் வரி மாறாமல் இருக்கின்றன.

எல்லாக் கறுப்புக் கட்டைக்கும் ஷார்ப் பெயரே வைப்பது

எஃப் மேஜரை எழுதச் சொன்னால் பலர் இப்படி எழுதுவார்கள்: எஃப், ஜி, ஏ, ஏ ஷார்ப், சி, டி, ஈ, எஃப். ஷார்ப் என்றால் அரை டோன் மேலே, ஃபிளாட் என்றால் அரை டோன் கீழே; ஏ ஷார்ப்பும் பி ஃபிளாட்டும் ஒரே கறுப்புக் கட்டைதான் என்பதால் வாசித்தால் ஒலி சரியாகவே இருக்கும். அதனால்தான் இந்தத் தவறு பிழைத்துக் கிடக்கிறது. "சத்தம் ஒன்றுதானே, பெயரில் என்ன இருக்கிறது?" என்று கேட்பார்கள். பெயரில்தான் எல்லாம் இருக்கிறது.

மேஜர் ஸ்கேலில் ஏழு எழுத்துகளும் ஒவ்வொரு முறை வந்தாக வேண்டும். மேலே எழுதியதில் ஏ இரண்டு முறை வருகிறது, பி வரவே இல்லை. இதை ஸ்டாஃபில், அதாவது ஸ்வரம் எழுதும் ஐந்து கோடுகளில், போட்டுப் பாருங்கள். டிரெபிள் கிளெஃபில் ஏ-யும் ஏ ஷார்ப்பும் கீழிருந்து இரண்டாவது இடைவெளியிலேயே உட்காரும். பி-க்கான நடுக்கோடு பாட்டு முழுக்கக் காலியாகக் கிடக்கும். ஒரே பாரில் (செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட ஒரு தாளப் பகுதியில்) ஏ ஷார்ப்புக்குப் பிறகு ஏ வந்தால் ஷார்ப்பை நீக்கும் நேச்சுரல் குறி போட வேண்டும், மறுபடி ஏ ஷார்ப் வந்தால் ஷார்ப் போட வேண்டும். பி ஃபிளாட் என்று எழுதியிருந்தால் கீ சிக்னேச்சரில், அதாவது வரியின் தொடக்கத்தில் போடும் குறிகளில், ஒரே ஒரு ஃபிளாட்டோடு வேலை முடிந்திருக்கும்.

ஒரே நேரத்தில் பல ஸ்வரங்களைச் சேர்த்து வாசிக்கும் கார்டுக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். எஃப் மேஜரின் நான்காவது கார்டு பி ஃபிளாட், டி, எஃப். அடுத்தடுத்த மூன்று கோடுகளில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கும். பார்த்த கணமே கை போகும். அதையே ஏ ஷார்ப், டி, எஃப் என்று எழுதினால் கீழ் ஸ்வரம் இடைவெளிக்கு நழுவி அடுக்கு உடைந்துவிடும். வாசிப்பவர் அதைக் கார்டாகப் பார்க்காமல் ஒவ்வொரு ஸ்வரமாக எண்ணிக்கொண்டு இருப்பார்.

நம் ஊரில் இந்தப் பழக்கம் வேரூன்ற ஒரு காரணம் உண்டு. பாடகர்கள் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள்: ஒரு கட்டை சி, ஐந்து கட்டை ஜி, ஆறரைக் கட்டை என்றால் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் இருக்கும் கறுப்பு. இந்த "அரை"யை அப்படியே ஷார்ப் என்று மொழிபெயர்த்து, ஆறரைக் கட்டைப் பாட்டின் தலையில் "ஏ ஷார்ப் மேஜர்" என்று எழுதிவிடுகிறார்கள். அந்த ஸ்கேலை முறைப்படி எழுதினால் ஏ, பி, டி, ஈ நான்கும் ஷார்ப். சி, எஃப், ஜி மூன்றும் டபுள் ஷார்ப், அதாவது ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஷார்ப். கூட்டினால் பத்து ஷார்ப். கீ சிக்னேச்சரில் ஏழுக்கு மேல் இடமே கிடையாது. பி ஃபிளாட் மேஜர் என்றால் இரண்டே ஃபிளாட்.

ஒத்திகையில் வழக்கமான பி ஃபிளாட் டிரம்பெட் வைத்திருப்பவர் ஒருவர் இருந்தால் இதன் விலை உடனே தெரியும். அந்தக் கருவி எழுதியதைவிட ஒரு முழு டோன் கீழே ஒலிப்பதால், அவர் நம் ஸ்வரங்களை ஒரு முழு டோன் ஏற்றி வாசிப்பவர். பி ஃபிளாட் மேஜர் என்று கொடுத்தால் அவருக்கு அது சி மேஜர், ஒரு குறிகூட இல்லை. ஏ ஷார்ப் மேஜர் என்று கொடுத்தால் பி ஷார்ப் மேஜர் என்று வந்து நிற்கும். தாளை ஓரமாக வைத்துவிட்டு, "எந்த ஸ்கேல் என்று வாயால் சொல்லுங்கள்" என்பார்.

ஆகவே முதலில் ஏழு எழுத்தையும் வெறுமனே வரிசையாக எழுதுங்கள். அதன் பிறகு முழு, அரை பார்த்துக் குறி போடுங்கள். இந்த வரிசை மாறவே கூடாது.

குறிகளின் வரிசையைக் கலைப்பது

கீ சிக்னேச்சரில் குறிகளுக்கு ஒரு நிலையான வரிசை உண்டு. ஷார்ப்: எஃப், சி, ஜி, டி, ஏ, ஈ, பி. ஃபிளாட்: அதே வரிசை தலைகீழாக. டி மேஜரில் சி ஷார்ப்பை முன்னால் போடுவது பிழைதான்.

கீயைக் கண்டுபிடிக்க விரல்விட்டு எண்ணுவது

கடைசி ஷார்ப்புக்கு அரை டோன் மேலே இருப்பதுதான் மேஜர் கீ. மூன்று ஷார்ப் என்றால் கடைசி ஜி ஷார்ப், எனவே ஏ மேஜர். ஃபிளாட்டில் கடைசிக்கு முந்தையதே கீயின் பெயர். ஒற்றை ஃபிளாட்டுக்கு முந்தையது இல்லாததால் எஃப் மேஜரை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள்.

ஒரு ஷார்ப் என்றதும் ஜி மேஜர் என்று முடிவு கட்டுவது

ஈ மைனருக்கும் அதே குறிதான். நடுவே டி ஷார்ப் எட்டிப் பார்க்கிறதா, பாஸ் (கீழ்ஸ்வர வரி) ஈ-யில் முடிகிறதா என்று பாருங்கள்; அப்படியென்றால் அது ஈ மைனராக இருக்கலாம்.

குறி இருக்கும் கோட்டுக்கு மட்டும் அது பொருந்தும் என்று நினைப்பது

கீ சிக்னேச்சரில் மேல் கோட்டில் போட்ட எஃப் ஷார்ப் கீழ் இடைவெளி எஃப்-ஐயும் ஷார்ப் ஆக்கும். நடுவில் வரும் தற்காலிகக் குறிதான் அந்த உயரத்துக்கும் அந்த பாருக்கும் மட்டும்.

சி மேஜரின் விரலை எல்லா ஸ்கேலுக்கும் போடுவது

வலது கையில் சி மேஜருக்கு 1 2 3 1 2 3 4 5 (1 கட்டைவிரல், 5 சுண்டுவிரல்). இதையே எஃப் மேஜரில் போட்டால் நான்காவது ஸ்வரமான பி ஃபிளாட்டில் கட்டைவிரல் ஏறும். மணிக்கட்டு திரும்பி, வேகம் கூட்டியதும் அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் தடுக்கும். எஃப் மேஜருக்கு 1 2 3 4 1 2 3 4. பி ஃபிளாட்டை நான்காம் விரல் எடுத்துக்கொள்ள, கட்டைவிரல் அடியில் நுழைந்து சி-யைப் பிடிக்கும். இடது கைக்கு மாற்றம் வேண்டாம். 5 4 3 2 1 3 2 1 இரண்டு ஸ்கேலுக்கும் அப்படியே பொருந்தும்.