மின் சிகரெட்டை விடுவது எப்படி: கோத்தகிரித் தேயிலைத் தொழிலாளி ஒருவரின் குறிப்புகள்

சிகரெட்டுக்கு ஒரு முடிவு உண்டு. பற்றவைத்தால் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அடுத்ததைப் பிடிக்க வெளியே போக வேண்டும், தீப்பெட்டி தேட வேண்டும், நாற்றம் வீட்டில் காட்டிக்கொடுத்துவிடும். வேப் என்று எல்லோரும் சொல்லும் மின் சிகரெட்டுக்கு இந்தத் தடைகள் எதுவும் இல்லை. போர்வைக்குள் இழுக்கலாம், கழிப்பறையில் இழுக்கலாம், மேட்டுப்பாளையம் பஸ்ஸின் கடைசி இருக்கையில் குனிந்தபடி இழுக்கலாம். ஒரு நாளில் எத்தனை முறை என்று கேட்டால் பிடிப்பவருக்கே தெரியாது. ஆகவே விடும் வேலையை ‘இன்றோடு சரி’ என்ற சபதத்தில் தொடங்காதீர்கள். எல்லையே இல்லாத பழக்கத்துக்கு முதலில் எல்லை கட்டுங்கள். பிறகு முடியுங்கள். நான் அப்படித்தான் வெளியே வந்தேன்.

நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கர், அதாவது பச்சை இலை தூளாகும் வரை பக்குவம் பார்ப்பவன். வாட்டி, சிடிசி இயந்திரத்தில் அரைத்த இலை நொதிக்கும்போது பச்சை வாடை அடங்கி இனிய மணம் ஒன்று எழும். அந்தப் பதத்தில் உலர்த்தியில் போட வேண்டும். கடிகாரம் ஓரளவுதான் உதவும். அன்றைய குளிரையும் ஈரத்தையும் பொறுத்து நேரம் மாறும், மூக்குதான் முடிவு சொல்ல வேண்டும். மாம்பழமும் புதினாவும் கலந்த செயற்கை மணத்தை நாள் முழுவதும் இழுத்துக்கொண்டிருந்த காலத்தில் அந்த மணம் எனக்குப் பிடிபடாமல் போனது. சுவை பார்க்கும் மேசையில் வரிசையாக வைத்த கோப்பைகளுக்குள் வேறுபாடு தெரியவில்லை. குன்னூர் ஏலத்துக்குப் போகும் தூளின் தரம் என் நாக்கை நம்பியிருக்கிறது. எனக்கு அந்தக் காரணம் போதுமானதாக இருந்தது.

உங்கள் காரணத்தை நீங்கள்தான் தேடிக்கொள்ள வேண்டும். ‘உடம்புக்குக் கெடுதல்’ என்பது உண்மை, ஆனால் இரவு இரண்டு மணிக்குக் கை பைக்குள் போகும்போது அது தடுக்காது. மலைப்பாதையில் வண்டி ஓட்டுபவருக்குக் கையும் கவனமும் காரணமாகலாம். கால்பந்து ஆடும் பையனுக்கு மேட்டில் ஓடும்போது வாங்கும் மூச்சு. கைக்குழந்தை உள்ளவருக்குக் குழந்தையின் உச்சந்தலை வாசனை. எதுவானாலும் ஒரே வரியில் எழுதி, செல்போன் உறைக்குள் வையுங்கள்.

எதை எதிர்க்கிறோம்

அதிலிருந்து வருவது நீராவி என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. புரோப்பிலீன் கிளைகாலும் கிளிசரினும் நிகோடினும் மணப்பொருளும் கலந்த திரவத்தை ஒரு சிறு கம்பிச்சுருள் சூடாக்குகிறது; மூச்சில் உள்ளே போவது அந்தப் புகைமூட்டம். நிகோடின் நுரையீரலிலிருந்து சில நொடிகளில் மூளையைத் தொட்டுவிடும். ரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும். இரவு முழுவதும் குறைந்துகொண்டே வருவதால்தான் விழித்தவுடன் தேடுகிறது. 5 சதவீதம் என்று அட்டையில் போட்டிருந்தால் ஒரு மில்லிலிட்டரில் 50 மில்லிகிராம் நிகோடின் இருப்பதாகப் பொருள். இது மிக அதிகம். உப்பு வடிவ நிகோடின் தொண்டையை எரிக்காது என்பதால் அந்த அளவையும் உடல் சத்தமின்றி ஏற்றுக்கொள்கிறது.

வெளிநாட்டு ஆலோசனைகளில் திரவத்தின் வீரியத்தைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்வார்கள். நம் ஊரில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். தமிழ்நாடு 2018-லும், மத்திய அரசு 2019-லும் மின் சிகரெட்டைத் தடை செய்துவிட்டன. 2019 சட்டப்படி தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாமே குற்றம். முதல் முறைக்கே ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கள்ளத்தனமாக மலையேறி வரும் சரக்கின் அட்டையில் 2 சதவீதம் என்று அச்சிட்டிருந்தால் அதைச் சரிபார்க்க யார் இருக்கிறார்கள்? அளவு உறுதியாகத் தெரிந்த நிகோடின் மருந்துக் கடையில்தான் கிடைக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதல் வேலை: இடம் குறிப்பது

விடும் நாளுக்கு முன் ஏறத்தாழ இரண்டு வாரம் இதற்குக் கொடுங்கள். ஒரே ஒரு விதி: கட்டடத்துக்கு வெளியே, நின்றுகொண்டுதான் இழுக்க வேண்டும். படுக்கையில் இல்லை, வண்டியில் இல்லை, செல்போன் பார்த்துக்கொண்டு இல்லை. கருவியைச் சட்டைப் பையில் வைக்காமல் வீட்டில் ஒரு டப்பாவில் வைத்து மூடுங்கள். எங்கள் குளிரில், மார்கழி மாதம், தூறலோடு காற்றும் சேர்ந்து அடிக்கும்போது வெளியே போய் நிற்க மனம் வராது. பாதி இழுப்புகள் அங்கேயே கழன்றுவிடும். அவை உடல் கேட்டவை அல்ல, கை தானாகச் செய்தவை.

மீதி இருப்பவற்றை ஒரு சிறு நோட்டில் குறியுங்கள். நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், யாருடன் இருந்தீர்கள். என் நோட்டில் திரும்பத் திரும்ப வந்தவை மூன்று: எழுந்தவுடன், தேநீருக்குப் பின், இரவு ஷிஃப்டில் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க நான் சும்மா நிற்கும் நேரம். எதிரி எங்கே நிற்கிறான் என்பது தெரிந்துவிட்டால் அந்த மூன்று இடத்துக்கு மட்டும் ஏற்பாடு செய்தால் போதும்.

நாள் குறிப்பதிலும் கவனம் வேண்டும். பசுந்தேயிலை குவியும் மாதங்களில் எங்களுக்குத் தூக்கமே சரியாக இருக்காது. ஏப்ரல், மே சீசனில் ஓட்டுநர்களுக்கும் விடுதி ஊழியர்களுக்கும் அதே நிலைமை. ஊட்டிக்கு அருகே தலைகுந்தாப் பக்கம் புல் வெளுத்துக் கிடக்கும் உறைபனிக் காலத்தில் இலை வரத்து குறையும். நான் அதைத் தேர்ந்தெடுத்தேன். ஆனால் ‘நல்ல காலம் வரட்டும்’ என்று ஆண்டு முழுவதும் தள்ளிப்போடாதீர்கள். ஒரு மாதத்துக்குள் வரும் நாளாக இருக்கட்டும்.

அந்த நாளுக்கு முந்தைய இரவில் கருவியை அப்புறப்படுத்துங்கள். ‘அவசரத்துக்கு ஒன்று’ என்று ஒளித்துவைத்தால் அந்த அவசரம் கட்டாயம் வரும். அதற்காகப் பள்ளத்திலோ சோலைக்காட்டிலோ வீசாதீர்கள், அடுப்பில் போடாதீர்கள். உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கிறது, சூடுபட்டால் வெடிக்கும். திரவம் குழந்தைக்கும் நாய்க்கும் நஞ்சு. சிறிதளவு விழுங்கினாலும் ஆபத்து. கையுறை போட்டு எடுத்து, மூடிய டப்பாவில் வைத்து, மின்னணுக் கழிவு வாங்குமிடத்தில் சேருங்கள்.

நிகோடின் சூயிங்கம்

மருந்து இல்லாமல் வைராக்கியத்தால் விடுவதுதான் வீரம் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். அவர்களை மதிக்கிறேன், இந்த விஷயத்தில் உடன்படவில்லை. நிகோடின் சூயிங்கம், தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை போன்றவை விடுவதில் வெற்றி வாய்ப்பைக் கூட்டுகின்றன என்பது சிகரெட் விட்டவர்களிடம் பல ஆண்டுகளாகப் பார்த்து உறுதியான செய்தி. மின் சிகரெட்டுக்கும் அடிமைப்படுத்தும் பொருள் அதே நிகோடின்தான்.

2 மில்லிகிராம் சூயிங்கம் மருந்துக் கடையில் கேட்டால் கிடைக்கும். விழித்த அரை மணி நேரத்துக்குள் இழுக்கும் பழக்கம் இருந்தவருக்கு 4 மில்லிகிராம் தேவைப்படலாம். அதற்கு மருத்துவரின் சீட்டு வேண்டும். கர்ப்பிணிகளும், இதய நோய் உள்ளவர்களும், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது.

வாங்குபவர்களில் பெரும்பாலோர் இதைத் தவறாக மெல்கிறார்கள், அதனால் ‘எனக்கு ஒத்துவரவில்லை, விக்கல் வருகிறது, வயிறு எரிகிறது’ என்று கைவிடுகிறார்கள். மிட்டாய்க் கடை சூயிங்கம் மாதிரி விடாமல் மெல்லக் கூடாது. மெதுவாக நான்கைந்து முறை கடியுங்கள். மிளகுக் காரம் போல ஒரு சுருக்கு நாக்கில் தெரியும். உடனே மெல்லுவதை நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வையுங்கள். சுருக்கு அடங்கியதும் மீண்டும் சில கடி, மறுபக்கக் கன்னத்தில் ஒதுக்கல். அரை மணி நேரம் இப்படிப் போகும். நிகோடின் வாய்த் தோல் வழியாகத்தான் ரத்தத்தில் சேர வேண்டும். எச்சிலோடு விழுங்கினால் வயிற்றுக்குப் போய்த் தொல்லை மட்டும்தான் தரும்.

இன்னொன்று, மலைக்காரர்களுக்கு முக்கியமானது. தேநீர், காபி, பழச்சாறு குடித்த வாயில் சூயிங்கம் சரியாக வேலை செய்யாது. குடித்துக் கால் மணி நேரம் கழித்துத்தான் போட வேண்டும். வாயில் இருக்கும்போதும் எதுவும் குடிக்கக் கூடாது. நாங்கள் நாள் முழுவதும் தேநீர் குடிப்பவர்கள். ஆகவே தேநீர் நேரத்தையும் சூயிங்கம் நேரத்தையும் பிரித்து எழுதி, சுவை பார்க்கும் மேசைக்கு மேலேயே ஒட்டிவைத்தேன்.

முதல் ஆறு வாரம் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. அடுத்த மூன்று வாரம் இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒன்று. கடைசி மூன்று வாரம் நான்கு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. ஏங்கித் தவிக்கும் வரை காத்திருக்காமல் நேரத்துக்குப் போடுவதுதான் சூட்சுமம். எந்த நாளிலும் 24-ஐத் தாண்டக் கூடாது.

விட்ட பிறகு

இரண்டாம், மூன்றாம் நாள்தான் மிகக் கடுமை. எரிச்சல், கவனச் சிதறல், பசி, தூக்கக் கலைவு, சிலருக்கு மலச்சிக்கல். இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ‘இந்த வாரம் நான் சிடுசிடுப்பேன், அது உன் மேல் கோபம் இல்லை’ என்று என் மனைவியிடம் சொன்னேன். அவள் அந்த வாரம் வீட்டுக் கணக்கு வழக்குப் பேச்சைத் தள்ளிவைத்தாள். அது பெரிய உதவி.

ஏக்கம் அலையலையாக வரும், ஒவ்வொன்றும் சில நிமிடங்களில் தணியும். அந்த நிமிடங்களுக்குக் கைக்கும் வாய்க்கும் வேலை கொடுக்க எங்கள் மலையிலேயே மருந்து விளைகிறது: பச்சைக் கேரட். நீளவாக்கில் நறுக்கி டப்பாவில் கொண்டுபோங்கள். கடிக்கச் சத்தம் வேண்டும், நேரம் பிடிக்க வேண்டும். கேரட்டில் இரண்டும் உண்டு. கேரட்டுக்குப் பதில் எங்கள் ஊர் மொறுமொறு பிஸ்கட்டான வர்க்கியைப் பிடித்துக்கொண்டவர்களுக்கு எடை ஏறியதைப் பார்த்திருக்கிறேன்.

சமவெளிக்காரர்களுக்கு இல்லாத ஒரு சோதனை நமக்கு உண்டு. குளிர்காலக் காலையில் வாயைத் திறந்தாலே வெள்ளையாகப் புகை வரும். அதைப் பார்த்த மாத்திரத்தில் நெஞ்சு கேட்கும். முதல் சில வாரம் காலையில் மூக்கையும் வாயையும் மூடி மப்ளர் சுற்றிக்கொண்டு வெளியே போங்கள். மூக்கு வழியாக இழுத்து, மெதுவாக, நீளமாக மூச்சை விட்டபடி மேட்டில் நடங்கள். வேப் பிடிப்பவர் அறியாமலே பழகிய அந்த நீண்ட மூச்சு மனதுக்கு ஆறுதல் தருவது உண்மை; அதைப் புகையில்லாமலும் பெறலாம்.

வேப்போடு சிகரெட்டும் பிடித்தவர்கள் தேநீரைக் குறைக்க வேண்டும். சிகரெட் புகை, உடல் காஃபினைக் கழிக்கும் வேகத்தைக் கூட்டிவைத்திருக்கும். புகை நின்றதும் அதே நான்கு கோப்பைத் தேநீர் முன்பைவிட அதிக நேரம் உடலில் தங்கி, படபடப்பும் தூக்கமின்மையும் தரும். அதை நிகோடின் ஏக்கம் என்று எண்ணிக் கலங்குகிறார்கள்.

நான் அதிகம் அஞ்சுவது வேறொன்றுக்கு. வேப்பை விட்டவர் ‘ஒரே ஒரு சிகரெட்தானே’ என்று பெட்டிக்கடைக்குப் போவது. மின் சிகரெட் வாங்க ஆள் தேட வேண்டும், சிகரெட் ஒவ்வொரு திருப்பத்திலும் தொங்குகிறது. புகையிலையை எரித்த புகை இதைவிடக் கொடியது. உதட்டுக்கடியில் ஒதுக்கும் புகையிலையும் மாற்றாகாது. பையில் எப்போதும் சூயிங்கம் இருந்தால் கடைக்குப் போகும் கால் நிற்கும். தவறி ஒருமுறை இழுத்துவிட்டால் அன்றே நோட்டில் எழுதுங்கள், அடுத்த சூயிங்கத்தை நேரத்துக்குப் போடுங்கள். மறுபடி நாள் குறிக்க வேண்டியதில்லை.

தனியாக முடியவில்லை என்றால் கட்டணமில்லாத 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண்ணை அழையுங்கள். சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும் எண் அது. மனம் மிகச் சோர்ந்தால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே எந்நேரமும் பேசலாம். சூயிங்கம் போதாதவர்களுக்கு மாத்திரைகளும் உண்டு. புப்ரோபியான், வரெனிக்ளின் இரண்டும் மருத்துவர் பார்த்துத் தர வேண்டியவை. வலிப்பு வந்தவர்கள் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பிள்ளையின் பையில் கருவியைக் கண்டெடுத்த பெற்றோருக்கு: அடிக்காதீர்கள், உறவினர் முன் விசாரிக்காதீர்கள். அவமானப்பட்ட பிள்ளை இன்னும் ஆழமாக ஒளிக்கும். எழுந்தவுடன் தேடுகிறதா, இரவில் விழித்து இழுக்கிறதா என்று மட்டும் நிதானமாகக் கேளுங்கள். ஆம் என்றால் அது அடிமைநிலை. அந்த வாரமே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள், மருத்துவரிடம் பிள்ளை தனியாகப் பேச இடம் கொடுத்து நீங்கள் வெளியே காத்திருங்கள்.