அம்பாசமுத்திரம் பக்கம் கேமராவோடு போகிறவர்களுக்கு

கேமரா சார்ஜரின் அடியில் ‘100–240 வோல்ட்’ என்று அச்சடித்திருந்தால் நம் ஊரின் 230 வோல்ட் அதை ஒன்றும் செய்யாது என்பார்கள். உண்மைதான். ஆனால் சிக்கல் வோல்ட்டில் இல்லை, சுவரில் இருக்கிறது. பூர்வீக வீட்டின் பிளக் பாயிண்ட் பல வருடம் இஸ்திரிப் பெட்டியையும் மிக்ஸியையும் தாங்கித் தளர்ந்திருக்கும். சிங்கப்பூர், லண்டன் பிளக்கை அடாப்டரில் செருகி, அந்த அடாப்டரைச் சுவரில் மாட்டினால் தன் கனத்திலேயே அது தலை தொங்கும். இரவெல்லாம் தொடர்பு விட்டுவிட்டு வரும். காலையில் பேட்டரி பாதிகூட ஏறியிருக்காது. உங்கள் சார்ஜரில் ஒயரைத் தனியாகக் கழற்ற முடிந்தால், அடாப்டரையே மறந்துவிடுங்கள். எந்த எலெக்ட்ரிக்கல் கடையிலும் பழைய டேப் ரிக்கார்டருக்குப் போடுகிற ஒயர் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். எட்டு வடிவ வாய் உள்ளதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

சார்ஜரின் விளக்கு படபடவென்று சிமிட்டினால் பேட்டரி செத்துவிட்டது என்று பதற வேண்டாம். லித்தியம் அயன் பேட்டரி ஏறக்குறைய 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருந்தால் பல சார்ஜர்கள் மின்சாரம் ஏற்ற மறுக்கும். பங்குனி வெயிலில் பூட்டிய காருக்குள் கிடந்த பேட்டரி வேறு எப்படி இருக்கும்? நிழலில் ஆற விடுங்கள். உலோக முனைகளைப் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்துத் துடையுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த ஊரில் எந்த நாள் என்று நாளிதழில் போடுவார்கள். அநேகமாக அது பகலில்தான் வரும், எனவே இரவிலேயே ஏற்றிவிடுங்கள்.

இவ்வளவும் தெரிந்தவன்தான் நான். மாமாவைச் சமாளிக்க மட்டும் எந்தக் கையேட்டிலும் வழி இல்லை.

பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வமான சாஸ்தாவின் கோயிலுக்குப் போவது, திருநெல்வேலிச் சீமைக்காரன் எந்தத் தேசத்தில் இருந்தாலும் அவனை இழுக்கும். எங்கள் சாஸ்தா குளத்தங்கரையில், உடை மரங்களுக்கு நடுவே இருக்கிறார். கரண்டுக் கம்பம் அங்கே வரவில்லை. மாமாவின் பேத்திக்கு அன்றுதான் காதுகுத்து. மருமகன் அமெரிக்காவிலிருந்து பெரிய கேமரா கொண்டுவருகிறான் என்று சொல்லி, பேசி வைத்திருந்த போட்டோக்காரரை மாமா நிறுத்திவிட்டார். என்னிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊரை விட்டுப் போனவன் வருடம் ஒரு நாளாவது வேலை செய்யட்டுமே என்று அத்தை சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்புக்கு என்ன பதில் சொல்ல முடியும்?

காலையிலிருந்து பொங்கல் பானை, படையல், ஒவ்வொரு வீட்டாரும் தனித்தனியாக, பிறகு சேர்ந்து, பிறகு சண்டை போட்டுக்கொண்டவர்களை விட்டுவிட்டு மறுபடி சேர்ந்து என்று எடுத்ததில் இரண்டு பேட்டரியும் இறங்கிவிட்டன. மைக் செட்காரரின் ஜெனரேட்டரில் சார்ஜரை மாட்டு என்றார் மாமா. வேண்டாம் என்றேன். ஒலிபெருக்கியும் டியூப் லைட்டும் போட்டுப் போட்டு அணைக்கும்போது சின்ன ஜெனரேட்டரின் வோல்ட் ஏறி இறங்கும், சார்ஜர் தாங்காது என்று விளக்கினேன். எல்லோரும் போனுக்கு அதில்தான் சார்ஜ் போடுகிறார்கள், உன்னுடையது மட்டும் என்ன தங்கமா என்று கேட்டு, என் கையிலிருந்து வாங்கி அவரே மாட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. மாமா என்னை வெற்றியோடு பார்த்தார். சற்று நேரத்தில் பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தது.

காதுகுத்தை விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் டவுனுக்கு ஓடினேன். மொபைல் கடைப் பையன், இரண்டு முள்ளை நகர்த்தி வைக்கும் யுனிவர்சல் சார்ஜரைக் காட்டினான். அது ஒற்றைச் செல்லுக்கானது, 4.2 வோல்ட்டோடு நின்றுவிடும். என்னுடைய 7.2 வோல்ட் பேட்டரியில் இரண்டு செல். முழுதாக ஏற 8.4 வேண்டும். இன்னொருவர், பேட்டரியில் நேரடியாக ஒயர் கொடுத்து உசுப்பிப் பார்க்கலாம் என்றார். தீப்பிடிக்கும் வேலை அது, யார் சொன்னாலும் இணங்காதீர்கள். கடைசியில் கைகொடுத்தவர் ஒரு கல்யாண ஸ்டூடியோக்காரர். அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரையில் உருப்படியான ஒரே யோசனை: ஊருக்கு எடுத்துவரும் கேமரா, ஊர்க் கல்யாணக்காரர்கள் வைத்திருக்கும் பேட்டரி வகையாக இருக்கட்டும். அதற்கு எந்தத் தெருவிலும் சார்ஜர் கிடைக்கும். இல்லையென்றால், யூஎஸ்பி ஒயரில் நேரடியாகச் சார்ஜ் ஏறும் கேமராவோடு வாருங்கள். பவர் பேங்க் போதும்; சில கேமராக்கள் அணைத்து வைத்திருந்தால்தான் ஏற்றும் என்பதை மட்டும் வீட்டிலேயே சோதித்துவிடுங்கள்.

நான் திரும்பும்போது குழந்தை அழுது தூங்கியிருந்தாள். தாய்மாமன் மடியில் அவள் இருந்ததை யாரோ போனில் எடுத்திருந்தார்கள். நல்ல படம்தான்.

மற்றவை சுருக்கமாக. உடன்குடி, குதிரைமொழித் தேரிப் பக்கம் போனால் லென்ஸைக் கழற்றாதீர்கள். அந்தச் செம்மணல் மாவாகப் பறந்து, நீளும் லென்ஸின் குழாய்க்குள் புகுந்து சிக்கிக்கொள்ளும். அப்படிச் சிக்கினால் லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து ரப்பர் ஊதியால் ஊதலாம். பஞ்சர் கடைக் காற்றைப் பிடிக்கலாம் என்று அன்போடு கூப்பிடுவார்கள். அது மணலை இன்னும் உள்ளே தள்ளும், கம்ப்ரசரின் ஈரமும் எண்ணெயும் கூடவே போகும். குற்றாலச் சாரலில் நனைந்த பையோடு கேமராவை மூடி வைத்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் பையைத் திறக்காமல் அரை மணி நேரம் பொறுங்கள், கண்ணாடி வியர்க்காது. திருச்செந்தூரில் கேமரா ஆசையே வேண்டாம். அந்தக் கோயில் தொடர்பான வழக்கில்தான் தமிழகக் கோயில்களில் செல்போனுக்கே 2022 டிசம்பரில் நீதிமன்றம் தடை சொன்னது.

விமானத்தில் திரும்பும்போது உதிரிப் பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், முனைகளில் டேப் ஒட்டி. 100 வாட்-மணி வரை பொதுவாக அனுமதி கேட்க வேண்டியதில்லை. 7.2 வோல்ட்டில் 2000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி வெறும் 14.4 வாட்-மணிதான்.

புறப்படும் அன்று, அந்தக் கேமராவை இங்கேயே விட்டுவிட்டுப் போயேன் என்றார் மாமா. விட்டுவிட்டு வந்தேன். புதுப் பேட்டரியும் சார்ஜரும் அனுப்புவதாகச் சொல்லியிருந்தேன். சார்ஜர் போய்ச் சேர்ந்துவிட்டது. லித்தியம் அயன் பேட்டரியைத் தனியாகப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவதற்கு 2016 ஏப்ரலிலிருந்து தடை. பார்சல் வாங்குமிடத்தில் தலையை ஆட்டிவிட்டார்கள். இதையெல்லாம் போனில் சொன்னால், கொண்டுவர மனமில்லை என்று நேரே சொல் என்கிறார் மாமா. அம்பாசமுத்திரம் பக்கம் யாராவது போகிறீர்களா? கைப்பையில் ஒரு தீப்பெட்டி அளவு இடம் போதும்.